யாருக்காச்சும் வந்திருக்கும்

என் தங்கச்சிக்கு வரும் மின்னஞ்சல்களைப் பார்த்து எனக்குப் பொறாமை. இதற்கு வேறு நல்ல பெயர் இருந்தால் வைத்திருப்பேன், இல்லை. நான் பதுளை டவுனில் ஒரு பள்ளிக்கூடத்தில் தகவல் தொழில்நுட்பம் படிப்பிக்கிறவள். என் இன்பாக்ஸைத் திறந்தால் சுற்றறிக்கை, கூட்டம், மறுபடி சுற்றறிக்கை. மிச்சமெல்லாம் குப்பை. நான் வாங்காத பார்சல் ஒன்று சுங்கத்தில் காத்துக்கிடக்கிறது. எனக்குக் கணக்கே இல்லாத வங்கியில் என் கணக்கை முடக்கிவிட்டார்கள். எங்கோ ஒரு நாட்டில் செத்துப்போன பணக்காரர் ஒருவரின் சொத்துக்கு என்னைத் தவிர வேறு வாரிசு கிடைக்கவில்லை. இந்த உலகத்தில் என்னைத் தேடி எழுதுகிறவர்கள் திருடர்கள் மட்டும்தான் என்று ஒரு நாள் ஸ்டாஃப் ரூமில் சொல்லிச் சிரித்தேன். மற்றவர்களும் சிரித்தார்கள். எனக்கு உள்ளே சிரிப்பு வரவில்லை.

தங்கச்சி, நமுனுகுலைக்கு ஏறும் வழியில் தேயிலைத் தோட்டத்து ரோடு பிரிகிற சந்தியில் ஒரு கொமியூனிகேஷன் கடை வைத்திருக்கிறாள். போட்டோக்கொப்பி, டைப்பிங், ஸ்கேன், போனுக்கு ரீலோட், பக்கத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டியில் பாணும் பிஸ்கட்டும். சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை நிறுத்தியவள். கணினியில் அவளுக்குத் தெரிந்ததெல்லாம் பார்த்துப் பழகியது. அவளுடைய இன்பாக்ஸைத் திறந்தால் ஒரு ஊரே உள்ளே உட்கார்ந்திருக்கும். கத்தாரிலிருந்து ஒருவன் அப்பாவின் கண் ஒப்பரேஷன் எப்படி என்று கேட்பான். கொழும்பில் தையல் ஃபெக்டரிக்குப் போன ஒரு தாய், பிள்ளைக்குப் பல் முளைத்துவிட்டதாமே, படம் எடுத்து அனுப்புங்கள் என்பாள். கிளினிக் தேதி, கேம்பஸ் அனுமதி, கல்யாணப் பத்திரிகை, கப்பலில் வேலை செய்கிறவன் சும்மா எடுத்து அனுப்பிய கடல். எல்லாமே "கடையக்கா" என்றுதான் தொடங்கும். என்னை அக்கா என்று கூப்பிட இந்த உலகத்தில் அவள் ஒருத்திதான் இருக்கிறாள். அவளைக் கூப்பிட தோட்டத்தில் மூன்று டிவிஷன் ஆட்கள் இருக்கிறார்கள்.

இது எப்படி வந்தது என்றால், லயம் என்கிற வரிசை வீடுகளில் ஒரு காம்பிராவுக்கென்று தனி விலாசம் கிடையாது. கடிதம் தோட்டத்து ஆபீசுக்கு வரும், அங்கிருந்து காலையில் ஆட்கள் கூடும் பெரட்டுக் களத்துக்கு வரும், வேலைக்குப் பிரித்து அனுப்பும்போதே பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக் கையில் கொடுப்பார்கள். விலாசம் என்பது ஆளுக்கு உரியதல்ல, இடத்துக்கு உரியது என்றுதான் எங்கள் ஆட்களுக்குப் பழக்கம். ஃபோர்ம்கள் மின்னஞ்சல் விலாசம் கேட்கத் தொடங்கியபோது யாரும் திகைக்கவில்லை. ஆபீஸ் விலாசம் போல இது கடை விலாசம், அவ்வளவுதான். தங்கச்சி தன் கடையின் விலாசத்தை எல்லோருடைய ஃபோர்மிலும் போட்டாள். வந்ததைப் பிரிண்ட் எடுத்து, கொழுந்து நிறுத்துவிட்டு வருகிறவர்கள் கையில் கொடுத்தாள். வாசிக்கச் சொன்னால் வாசித்தாள்.

அதனால் அவள் எதையும் திறப்பாள். அங்கேதான் எங்களுக்குச் சண்டை.

நான் படிப்பிக்கத் தொடங்கிய காலத்தில் வைரஸ் பென்டிரைவில் வரும். செருகினால் ஃபோல்டர்கள் எல்லாம் ஷோர்ட்கட்டாக மாறி நிற்கும். பதுளையில் ஒரு ஸ்டூடியோவில் ஒட்டிக்கொண்டது பசறைக்குப் போய், அங்கிருந்து எவனுடைய சட்டைப்பையிலோ பூனாகலை வரைக்கும் பஸ் ஏறிப் போகும். ஆனாலும் யார் கொண்டுவந்தது என்று ஆளைப் பிடித்துத் திட்டலாம். பிறகு மின்னஞ்சலில் வரத் தொடங்கியது. முதலில் பில் என்ற பெயரில் ஒரு வேர்ட் ஃபைல். திறந்தால் மேலே மஞ்சள் பட்டையில் ஒரு பொத்தான், அதை அமுக்கினால் கதை முடிந்தது. அந்த வழியை அடைத்தார்கள். உடனே ஜிப்புக்குள் ஒளித்து, அதற்கு ஒரு பாஸ்வேர்டும் போட்டு, அந்தப் பாஸ்வேர்டை மடலிலேயே எழுதி அனுப்பினார்கள். வைரஸ் பிடிக்கிற மென்பொருளால் பூட்டிய பெட்டிக்குள் பார்க்க முடியாது. நம் ஆளுக்கோ சாவி கையிலேயே இருக்கிறது, திறக்காமல் விடுவாரா? இப்போது ஒரு கியூஆர் படத்தைப் போட்டு, போனில் ஸ்கேன் பண்ணு என்கிறார்கள், கணினியில் இருக்கிற காவல் போனில் இருக்காது என்று தெரிந்துகொண்டு. எழுத்துப்பிழையைப் பார்த்துக் கண்டுபிடி என்று முன்பு பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். இன்றைக்குத் திருடர்கள் என் மாணவர்களைவிட நல்ல தமிழ் எழுதுகிறார்கள்.

ஒரு மடலைத் திறந்து வாசிப்பதால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது, அதில் இருக்கும் இணைப்பைத் தொடுவதுதான் ஆபத்து. இந்த வித்தியாசத்தை வகுப்பில் விளக்கப் போனால் பாதிப் பிள்ளைகள் குழம்பிவிடும். அதனால் போர்டில் ஒரே வரியாக எழுதிப் போடுவேன்: தெரியாத விலாசத்திலிருந்து வந்தால் திறக்கவே கூடாது. பிள்ளைகள் அதைச் சேர்ந்து சத்தமாகச் சொல்ல வேண்டும். கூடவே என் விலாசத்தையும் மனப்பாடம் பண்ணி, லேபிலிருந்து எனக்கு ஒரு மடல் அனுப்ப வேண்டும். அதை அனுப்பாதவர்களுக்கு நான் பரீட்சையில் புள்ளி போட்டதில்லை.

இந்த ஒரு வரியைத்தான் தங்கச்சியிடமும் சொல்லிச் சொல்லி வாய் வலித்தது.

"உனக்குச் சம்பந்தம் இல்லாத மெயில எதுக்குடி தெறக்குற?"

"எனக்கு எதுலக்கா சம்பந்தம் இருக்கு? இதுல ஒன்னாவது எனக்கு வந்ததா?" என்பாள், கொப்பி மெஷினில் தாளை அடுக்கிக்கொண்டே. "யாருக்காச்சும் வந்திருக்கும்."

உலகத்தில் இருக்கிற பாதுகாப்பு அறிவுரைகள் எல்லாம் ஒரு பெட்டி ஒரு ஆளுக்கு என்று நினைத்து எழுதப்பட்டவை. நீ பார்சல் எதிர்பார்த்தாயா, இல்லையென்றால் திறக்காதே. நீ வேலைக்கு விண்ணப்பித்தாயா, இல்லையென்றால் திறக்காதே. என் தங்கச்சியின் பெட்டியில் எப்போதும் யாரோ ஒருவர் பார்சல் எதிர்பார்த்தார், யாரோ ஒருவர் வேலைக்கு விண்ணப்பித்திருந்தார். அறிவுரைகளை எல்லாம் அழகாகத் தமிழில் எழுதி, தலைப்பும் போட்டு, அவளுக்கு ஒரு மடல் அனுப்பினேன். ஊருக்கெல்லாம் பதில் எழுதுகிறவள் எனக்கு ஒரு வரி எழுதவில்லை. நேரில் கேட்டபோது, "நீதான் பக்கத்துலயே இருக்கியேக்கா, உனக்கு எதுக்கு மெயில்?" என்றாள். அன்றைக்குப் பஸ்ஸில் வரும் வழியெல்லாம் எனக்கு வயிறு எரிந்தது.

போன வருஷ மழைக்காலத்தில் அந்த மடல் வந்தது. உங்கள் விசா பத்திரம் தயார், இணைப்பைப் பார்க்கவும், பாஸ்வேர்ட் கீழே. பெயர் இல்லை. வேறு யாராக இருந்தாலும் நான் விசாவுக்குப் போடவில்லையே என்று தள்ளிவிடுவார்கள். தங்கச்சி என்ன செய்தாள்? சந்தியில் நின்ற ஓட்டோக்காரனிடம் சொல்லி, விசா வந்திருக்கிறது, யாருடையது என்று மேல் லயம், கீழ் லயம் எல்லாம் சொல்லியனுப்பினாள். விசாவுக்குப் போட்டிருந்த பையன்கள் சட்டையை மாற்றிக்கொண்டு ஓடி வந்தார்கள். ஒருவன் முன்னால் திறந்தாள், வெள்ளைத் திரைதான் வந்தது. அவனுடையது இல்லை போலிருக்கிறது என்று அடுத்தவன் முன்னால் திறந்தாள். அவனுக்கும் வெள்ளைத் திரை. எங்கள் மெஷின் பழசு, அதனால்தான் திறக்கவில்லை என்று முடிவுசெய்து, பசறையில் கடை வைத்திருக்கும் தன் சிநேகிதிக்கு அதை அனுப்பி, அங்கேயும் திறக்க வைத்தாள். வைரஸ் எழுதியவன் இதைப் பார்த்திருந்தால் கண்ணீர் விட்டிருப்பான்.

கொஞ்ச நாள் போனது. கடை விலாசத்திலிருந்து எல்லோருக்கும் பதில் போகத் தொடங்கியது. இப்போதைய வைரஸின் நாகரிகம் இதுதான். புதிதாக ஒன்றும் எழுதாது. பெட்டிக்குள் இருக்கும் பழைய மடலை எடுத்து, அதற்கே பதில் போல ஒரு வரி எழுதி, தன் ஜிப்பையும் கட்டி அனுப்பும். கத்தாரில் இருந்தவன், அப்பாவின் கண்ணைப் பற்றி ஏதோ வந்திருக்கிறது என்று கம்பெனிக் கணினியிலேயே திறந்து, மேலதிகாரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான். ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் ஃபைல்கள் எல்லாம் பூட்டிக்கொண்டன. எனக்கும் ஒன்று வந்தது. நான் அனுப்பிய பாதுகாப்பு அறிவுரை மடலின் தலைப்புக்கு முன்னால் 'பதில்' என்று போட்டு, அவள் விலாசத்திலிருந்து. அதைப் பார்த்த மாத்திரத்தில் மனசு குளிர்ந்துவிட்டது. எழுதிவிட்டாள், கடைசியில் எனக்கும் ஒன்று எழுதிவிட்டாள் என்று கை மவுஸுக்குப் போனது. பிறகுதான் ஜிப் கண்ணில் பட்டது. அவள் எழுதாத பதிலை வைரஸ் எழுதியிருந்தது. கோபத்தில் அந்த மடலை அழித்தேன், பிறகு அழித்ததற்காகவும் கோபப்பட்டேன்.

சனிக்கிழமை முதல் பஸ்ஸைப் பிடித்துப் போனேன். பாவம் என்று போனேன் என்று சொன்னால் பொய். குஷியாகப் போனேன். கடை வாசலில் ஆட்கள் நின்றார்கள், என்னைக் கண்டதும், "டீச்சர் வந்துட்டாங்க, வழி விடுங்க" என்றார்கள். இத்தனை வருஷத்தில் அந்தச் சந்தியில் எனக்கு வழி விட்டது அன்றுதான். தங்கச்சி அழுது வீங்கிய முகத்தோடு ஸ்டூலை எனக்கு விட்டுவிட்டு எழுந்து நின்றாள். நான் மெஷினைத் துடைத்து எல்லாவற்றையும் புதிதாகப் போட்டேன், பாஸ்வேர்டை மாற்றினேன், எங்கெங்கோ திறந்துகிடந்த உள்நுழைவுகளை வெளியேற்றினேன். வருகிற மடல்களைத் தனக்கும் ஒரு பிரதி அனுப்பும்படி திருடன் ஒரு விதியே எழுதி வைத்திருந்தான், அதையும் தூக்கினேன். ஒவ்வொன்றையும் செய்யும்போது சத்தமாக விளக்கினேன். ஆட்கள் வாய் திறந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். சொர்க்கம்.

கடைசியில் தீர்ப்பும் சொன்னேன். "இந்த அட்ரஸ மூடிரு. இது இனி ஒலகத்துல இருக்கிற எல்லாக் களவாணி லிஸ்ட்லயும் இருக்கும். ஆளுக்கொரு அட்ரஸ் எடுத்துக்கட்டும். நான் வந்து சொல்லித் தர்றேன்."

அதில் பாதி தொழில்நுட்பம், பாதி வயிற்றெரிச்சல். எது எந்தப் பாதி என்று என்னைக் கேட்டால் எனக்கும் தெரியாது.

தங்கச்சி தலையை ஆட்டினாள். "அத மட்டும் சொல்லாதக்கா. மூட முடியாது."

"ஏன்டி?"

அவள் வாசலைப் பார்த்தாள். அங்கே, கூட்டத்துக்குப் பின்னால், கொழுந்து பறிக்கக் கட்டும் சாக்குப் படங்கு இடுப்பில் இருந்தபடியே ஒரு பெண் நின்றாள். கீழ் லயத்தில் இருப்பவள். அவளுடைய மகள் வீட்டு வேலைக்கென்று வளைகுடா நாடு ஒன்றுக்குப் போயிருந்தாள். முதல் மாதங்களில் கடைக்கு மடல் வந்தது. பிறகு வீட்டை மாற்றிவிட்டார்கள், போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள் என்று ஒரு மடல். அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. இங்கே தாயின் போன் காணாமல் போய் நம்பர் மாறிவிட்டது, அது மகளுக்குத் தெரியாது. அனுப்பிய ஏஜென்ட், வீடு மாறினது எனக்குத் தெரியாது என்று கையை விரித்துவிட்டான்.

"அந்தப் புள்ளைக்கு இந்த அட்ரஸ் மட்டுந்தான்க்கா மனப்பாடம்," என்றாள் தங்கச்சி. "எங்கயாச்சும் ஒரு போன் கெடச்சா இதுக்குத்தான் எழுதும். இத மூடிட்டா அது எங்க போய் எழுதும்?"

தாய் படங்கின் ஓரத்தை முறுக்கிக்கொண்டு நின்றாள். நான் மகளின் பெயரைக் கேட்டேன். சொன்னாள். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. நான் பசறைப் பக்கம் படிப்பித்த காலத்தில் என் வகுப்பில் முன்வரிசையில் இருந்த பிள்ளை. என் விலாசத்தை எழுத்துக்கு எழுத்து ஒப்பித்தவள். லேபிலிருந்து எனக்கு முதல் மடல் அனுப்பியவளே அவள்தான். இந்த ஒரு விலாசம் மட்டும்தான் அவளுக்கு மனப்பாடம் என்று இவர்கள் எப்படிச் சொல்லலாம்? பிள்ளை அங்கே என்ன பாடுபடுகிறாளோ என்ற பயமும் வந்தது, என் விலாசத்தை மறந்துவிட்டாளே என்ற கோபமும் வந்தது. கோபம்தான் முந்தி வந்தது.

விலாசத்தை மூடவில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் நான் வந்து ஸ்பாம் பெட்டியைப் பார்ப்பதாகச் சொன்னேன். களவாணி லிஸ்ட்களில் விலாசம் ஏறிவிட்ட பிறகு நான் வடிகட்டியை இறுக்கியிருந்தேன், அது நல்ல மடலையும் குப்பையில் தள்ளத் தொடங்கியிருந்தது. குப்பையோ மலைபோல் கொட்டியது. கூரியர் அறிவிப்பு, வரி மீளளிப்பு, காலாவதியாகும் பாஸ்வேர்ட், நீ என்ன பார்க்கிறாய் என்று கெமராவில் எடுத்து வைத்திருக்கிறேன் என்று மிரட்டுகிறவன். நான் அனுப்புநரின் விலாசத்தை விரித்துப் பார்ப்பேன், எந்த நாட்டு வழியாக வந்தது என்று பார்ப்பேன், ஒவ்வொன்றாகத் தள்ளுவேன். பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு தங்கச்சி உட்காருவாள். தாய் வேலை முடிந்து வந்து வாசல்படியில் உட்காருவாள். "வந்திருக்கா தங்கச்சி?" என்று அவளைத்தான் கேட்பாள். தேடுகிறவள் நான். அவள் கேட்பது தங்கச்சியை. எனக்கு அது முள்ளாகக் குத்தும். அவளிடமே கேட்டுக்கொள்ளட்டும் என்று எழுந்து போய்விடலாமா என்றுகூடத் தோன்றும். போகவில்லை. அந்தப் பிள்ளை என்னுடைய பிள்ளையும்தான் என்று எனக்குள் ஒரு வீம்பு.

மழை விட்டு, நமுனுகுலை மலை முழுசாகத் தெரியத் தொடங்கிய நாட்களில், ஒரு சனிக்கிழமை பின்னேரம் அந்த மடலைக் கண்டேன். அனுப்புநர் பெயர் அரபியில். தலைப்பு இல்லை. வெளிநாட்டு விலாசம். ஒரு இணைப்பு, அதன் பெயர் வெறும் இலக்கங்கள். வெளியில் தெரிந்த முதல் வரி ஆங்கில எழுத்தில், வாசிக்க முடியாதபடி கண்டமாதிரி எழுத்துகள். வகுப்பில் கெட்ட மடலுக்கு உதாரணம் காட்ட வேண்டுமென்றால் நான் இதைத்தான் எடுத்திருப்பேன்.

"இது சரியான களவாணி மெயில். பாத்துக்க, இப்பிடித்தான் இருக்கும்," என்று சொல்லி, அழிக்கிற பொத்தானுக்கு அம்பைக் கொண்டுபோனேன்.

"இரு அக்கா, யாருக்காச்சும் வந்திருக்கும்," என்றாள் தங்கச்சி.

"தொடாதடி! ஒரு தடவ பட்டது போதாதா?"

அவள் என் கைக்கு மேலாகக் கையை நீட்டி மவுஸைப் பிடித்து அமுக்கிவிட்டாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவளை ஸ்டூலோடு தள்ளியிருப்பேன். மடல் திறந்தது. கண்டமாதிரி எழுத்துகள் என்று நான் நினைத்தது தமிழ். அவசரத்தில், அந்நியப் போனில், ஆங்கில எழுத்தில் அடித்த தமிழ். தங்கச்சி அதைச் சத்தமாக வாசித்தாள். கடையக்கா, நான் இன்னாருடைய மகள். இது என் போன் இல்லை. இந்தப் போனுக்குப் பதில் எழுத வேண்டாம். சாப்பாடு சரியில்லை, வெளியே விடுகிறார்கள் இல்லை, அடிக்கிறார்கள். வீட்டு கேட்டின் படம் வைத்திருக்கிறேன், நம்பர் அதில் இருக்கிறது. அம்மாவிடம் மெதுவாகச் சொல்லுங்கள்.

மெதுவாகச் சொல்ல இடமிருக்கவில்லை. அம்மா வாசல்படியில்தான் உட்கார்ந்திருந்தாள். எழுந்து வந்து, திரையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். வாசிக்கத் தெரியாதவள், எழுத்துகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு திரும்பித் தங்கச்சியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். நான் பக்கத்தில், மவுஸ் கையில் இருந்தபடி, இருவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவள்போல உட்கார்ந்திருந்தேன். இன்னும் ஒரு நொடி போயிருந்தால் அந்த மடலை நான் அழித்திருப்பேன். அந்த நேரத்திலும், அவள் என் கழுத்தைக் கட்டவில்லையே என்றும் தோன்றியது. மனசை அதட்டினாலும் கேட்கவில்லை.

இணைப்பை நான்தான் திறந்தேன். முதலில் அது உண்மையிலேயே படம்தானா என்று பார்த்தேன், பிறகு திறந்தேன். ஒரு இரும்பு கேட், அதன் மேல் நீலத் தகட்டில் இலக்கங்கள், மூலையில் ஒரு தெருப் பலகை. முறைப்பாட்டுக் கடிதத்தை மூன்று மொழியிலும் நான்தான் எழுதினேன். படத்தோடு கொழும்பில் உரிய அலுவலகத்துக்கும், அந்த நாட்டில் உள்ள நம் தூதரகத்துக்கும் அனுப்பினோம். அனுப்பியது கடை விலாசத்திலிருந்து. பதில்கள் வந்தபோது, "அன்புடையீர்" என்று என் தங்கச்சியின் பெயருக்கு வந்தன. நான் அதையும் கவனித்தேன்.

அலைச்சலுக்கும் அழுகைக்கும் பிறகு பிள்ளை வந்து சேர்ந்தாள். எலும்பும் தோலுமாக, ஆனால் வந்து சேர்ந்தாள். தாய், வீட்டுக் கொல்லையில் காய்த்த மரக்கறியை ஒரு சாக்கில் கட்டிக்கொண்டு கடைக்கு வந்தாள். தங்கச்சி அதில் பாதியை எனக்குக் கொடுத்தனுப்பினாள். பதுளைக்கு வந்த பிறகும் எனக்கு அதைச் சமைக்க மனம் வரவில்லை. மேல்வீட்டுக்காரிக்குக் கொடுத்துவிட்டேன். இந்த வயதில் இப்படி ஒரு குணம் எனக்கு.

பிறகு ஒரு சனிக்கிழமை நான் கடையில் இருந்தபோது பிள்ளை வந்தாள். முகத்தில் கொஞ்சம் சதை பிடித்திருந்தது. என்னைக் கண்டதும் வகுப்பில் எழுந்து நிற்பதுபோல நின்றாள். தங்கச்சி எங்களுக்குத் தேத்தண்ணி ஊற்றப் பின்பக்கம் போனாள். அவள் போகட்டும் என்றுதான் நான் காத்திருந்தேன்.

"என்னோட அட்ரஸும் உனக்கு மனப்பாடந்தானே?" என்றேன். சிரித்துக்கொண்டு கேட்க நினைத்தேன். குரல் வேறு மாதிரி வந்தது.

"ஆமாங்க டீச்சர்," என்றாள், உடனே ஒப்பித்தும் காட்டினாள். ஒரு எழுத்து, ஒரு புள்ளி பிசகவில்லை.

"அப்ப ஏன் எனக்கு எழுதல?"

அவளுக்குக் கேள்வியே விளங்கவில்லை. இதையெல்லாம் டீச்சர் கேட்பாரா என்பதுபோல என்னைப் பார்த்தாள்.

"அது அந்த வீட்டு டிரைவரோட போன், டீச்சர். அவரு அட்ரஸ்ல இருந்துதான் அனுப்பினேன். பாத்ரூமுக்குள்ள நின்னுக்கிட்டு, ஒரே ஒரு தடவ. ரெண்டாவது தடவ அனுப்ப ஏலாது." மூச்சு வாங்கிக்கொண்டாள். "ஒங்களுக்கு எழுதலாமுன்னுதான் மொதல்ல நெனச்சேன். பெறகு யோசிச்சேன். தெரியாத அட்ரஸ்ல இருந்து வந்தா தெறக்கவே கூடாதுன்னு நீங்கதானே சொல்லிக்குடுத்தீங்க. டீச்சர் தெறக்க மாட்டாங்க, கடையக்கான்னா எதுன்னாலும் தெறக்கும்னு, அங்க எழுதினேன்."

பாடத்தை மறக்காத பிள்ளையின் பெருமை அவள் முகத்தில் இருந்தது. நான் சரியென்று சொல்ல வேண்டும் என்று காத்துக்கொண்டு நின்றாள்.

"சரிதான்," என்றேன்.